நினைவக ஒழுங்கும் போட்டி காணும் கருவியும்

(பழைய மாணவர் ஒருவர்)

விடுதி மாணவர் தலைவர் இருவர் இரவு உணவுக்கு வந்தோர் தொகையை ஒரே கொப்பியில் எழுதி வருகின்றனர் என்று கொள்வோம். கொப்பியில் 40 என்றுளது. முதலாமவர் 40ஐப் பார்த்து மனத்தில் ஒன்றைக் கூட்டுகின்றார். அவர் பேனாவைத் திறக்குமுன் இரண்டாமவரும் அதே 40ஐப் பார்த்து ஒன்றைக் கூட்டுகின்றார். இருவரும் 41 என்றே எழுதுகின்றனர். வந்தவர் நாற்பத்திருவர், கணக்கிலுள்ளவர் நாற்பத்தொருவர், ஒருவருக்குச் சோறில்லை. எவரும் பொய் எழுதவில்லை. எவருடைய கூட்டலும் பிழைக்கவில்லை. மறுநாள் இருவரையும் அழைத்து விசாரித்தாலும் குற்றம் இன்னவிடத்தது என்று காட்டமுடியாது. எல்லா நாளும் இது நிகழ்வதும் இல்லை.

இன்றைய கணனியின் முறைவழியாக்கியிற் கருக்கள் பல உள. ஒரு செய்நிரல் தன் வேலையைப் பல இழைகளாகப் பிரித்து அக்கருக்களில் ஒருங்கே ஓடவிடுகின்றது. இழைகளெல்லாம் ஒரே நினைவகத்தைப் படித்தும் எழுதியும் வருதலின், விடுதிக் கொப்பியின் கதை அங்கே எக்கணமும் நிகழ வாய்ப்புண்டு. இரண்டு இழைகள் ஒரே நினைவிடத்தை அணுகி, அவ்வணுகல்களுள் ஒன்றேனும் எழுதலாயிருந்து, ஒன்றேனும் அணுச்செயல் அல்லாததாயிருந்து, எது முந்தியது எது பிந்தியது என்பதை உறுதிசெய்யும் ஏற்பாடு யாதும் இல்லாதவிடத்து, அதனைத் தரவுப் போட்டி என்பர். அணுச்செயலாவது இடையிற் பிளவுபடாத செயல். மற்றோர் இழை அதனை முழுதும் நிகழ்ந்ததாகக் காணும், அன்றேல் நிகழாததாகக் காணும், பாதியிற் காணாது. (அணு என்னும் சொல்லைக் கேட்டதும் அணுகுண்டை நினைக்கவேண்டா. பிளக்கலாகாதது என்ற பழைய கிரேக்கப் பொருளே ஈண்டுக் கொள்ளப்படுவது.)

இதனாலாகும் கேடு ஒருவேளைச் சோற்றோடு நில்லாது. தெராக்-25 என்னும் கதிர்மருத்துவ இயந்திரத்தினால் 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளர் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவருட் சிலர் இறந்தனர். இயக்குவோர் கட்டளையை விரைந்து திருத்தியபோது, ஒரே மாறியைத் தொட்ட இரண்டு செய்கடன்கள் ஒன்றையொன்று முந்தியமை காரணங்களுள் ஒன்றென்று பின்னர்த் தெளிந்தனர். 2003 ஓகத்து 14 ஆந் திகதி வட அமெரிக்காவிற் சுமார் ஐந்து கோடி மக்களின் இல்லங்கள் இருண்டபோதும், மின்னிலையத்து எச்சரிக்கைச் செய்நிரல் இத்தகைய போட்டியால் முன்னரே வாயடைத்துப் போயிருந்தது. இரண்டும் சோதிக்கப்பட்ட செய்நிரல்களே. சோதனை நாளிற் போட்டி தலைகாட்டவில்லை.

ஆதலின், தீயவிளைவு நேருமட்டும் காத்திராமல், நேரக்கூடியது என்பதையே கண்டு சொல்லும் கருவி வேண்டியதாயிற்று. 1997 ஆம் ஆண்டில் வெளிவந்த இறேசர் என்னும் கருவி எளிய வழியொன்றைக் கைக்கொண்டது: பகிரப்படும் ஒவ்வொரு மாறியையும் யாதேனும் ஒரு பூட்டு எப்போதும் காத்து நிற்கின்றதா என்று அது பார்த்தது. பூட்டினாலன்றி வேறு வகையால் ஒழுங்கை நாட்டும் செய்நிரலை அது குற்றவாளியாக்கிவிடும். நாம் பேசவந்த அணுச்செயல்கள் பூட்டில்லாமலே ஒழுங்கை நாட்டுவன. ஆகவே வேறு அடிப்படை வேண்டும்.

அவ்வடிப்படையை 1978 ஆம் ஆண்டிலேயே லெஸ்லி லம்போட் என்னும் அமெரிக்க அறிஞர் இட்டிருந்தார். பல இடங்களில் நிகழும் நிகழ்ச்சிகளைச் சுவர் மணிக்கூட்டைக் கொண்டு வரிசைப்படுத்தல் பயனில்லை. ஒன்றன் செய்தி மற்றொன்றைச் சென்றடைந்திருக்கக்கூடுமாயின் அது முன்னிகழ்ந்தது. இல்லையேல் இரண்டும் ஒன்றுக்கொன்று முந்தியனவுமல்ல, பிந்தியனவுமல்ல என்றார் அவர். இம்முன்னிகழ்வு உறவை எண்களால் எழுதும் வழியைக் கொலின் பிட்ஜ், பிரீடமன் மாட்டேண் ஆகிய இருவரும் 1988இல் வெவ்வேறாகவே கண்டனர். அதுவே காவி மணிக்கூடு.

ஒவ்வோர் இழையும் ஓர் எண்வரிசையை வைத்திருக்கும். இழைக்கு ஓரெண் வீதம் அவ்வரிசையில் இருக்கும். தனக்குரிய எண், தான் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைக் குறிக்கும். மற்றையோர்க்குரிய எண்கள், அவர்கள் செய்தவற்றுள் எதுவரையிலானது தனக்குத் தெரியவந்தது என்பதைக் குறிக்கும். கருவி செய்வதெல்லாம் இக்கணக்கை எழுதுவதும், ஒவ்வோர் அணுகலின்போதும் ஒப்பிட்டுப் பார்ப்பதுமேயாம்.

இனி நினைவக ஒழுங்குக்கு வருவாம். நாம் எழுதிய வரிசையிலேயே கணனி எழுதும் என்று எண்ணுதல் மாணவர் பலரது முதல் மயக்கம். தொகுப்பான் விரைவு கருதி வரிகளை இடம்மாற்றும். முறைவழியாக்கியும் எழுத்துகளைச் சற்றே தேக்கிவைத்து வேறு வரிசையில் வெளியிடும். தனித்த இழை ஒன்றுக்கு இது தெரியாது. அருகிலுள்ள இழைக்குத் தெரியும். எவ்வளவுக்கு இடம்மாற்றலாம் என்பதை எழுதுவோன் அணுச்செயல்தோறும் குறித்துச் சொல்லும் உரிமையைச் சீ பிளஸ் பிளஸ் மொழியின் 2011 ஆம் ஆண்டு நியமம் வழங்கியது. ஹான்ஸ் போம், சரிதா அட்வே ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு அடிப்படைகளை விளக்கிற்று. நியமம் கூறும் ஒழுங்குகள் ஆறு. அவற்றுள் நுகர்வு என்பதனைத் தொகுப்பான்கள் ஏற்பாகவே நடத்தி வருதலின் அதனை விட்டுவிடலாம். எஞ்சியவற்றுள் உயிரானவை மூன்று: தளர்வு, விடுப்பு, ஏற்பு.

தளர்வு, செயல் பிளவுபடாது என்பதை மட்டும் உறுதி செய்யும். அயலிலுள்ள வரிகளைப்பற்றி யாதும் சொல்லாது. விடுப்பு எழுதலுக்குரியது: இதற்குமுன் யான் செய்தனவெல்லாம் இவ்வெழுத்தோடு வெளிப்படுக என்பது அதன் பொருள். ஏற்பு படித்தலுக்குரியது: இதனை எழுதியவன் அதற்குமுன் செய்தனவெல்லாம் இனி எனக்குத் தெரிக என்பது அதன் பொருள். விடுப்பில் எழுதிய மதிப்பை ஏற்பிற் படித்தால் இரண்டுக்குமிடையே முன்னிகழ்வு உறவு பிறக்கின்றது. ஏற்பும் விடுப்பும் ஒன்றாய் நிற்பது நான்காவது. முழுவரிசை என்னும் ஐந்தாவது, இவற்றோடு எல்லா இழைகளும் ஒரே வரிசையைக் காணவேண்டும் என்னும் நிபந்தனையையும் சேர்ப்பது. மணிக்கூட்டுக் கணக்கில் அது நான்காவதைப் போன்றே எழுதப்படும்.

எண்கொண்டு பார்த்தாலன்றி இது விளங்காது. 'அ' என்னும் இழை ஒரு பொருளின் விலையை 75 என்று சாதாரணமாக எழுதி, பின் கொடி என்னும் அணுமாறியில் 1ஐ விடுப்பாக எழுதுகின்றது. 'ஆ' என்னும் இழை கொடியை ஏற்பாகப் படித்துப் படித்து, 1ஐக் கண்டதும் விலையைப் படிக்கின்றது. தொடக்கத்தில் அ-வின் மணிக்கூடு (5, 0). ஆ-வினது (0, 3). விலை எழுதப்பட்டபோது கருவி, 'அ-வின் 5 ஆம் வேளையில் எழுதப்பட்டது' என்று விலையின் அருகே நிழலாகக் குறித்துக்கொள்கின்றது. விடுப்பின்போது அ-வின் மணிக்கூட்டைக் கொடியின் பெயரில் ஒரு படி எடுத்து வைக்கின்றது: கொடி (5, 0). உடனே அ-வின் சொந்த எண் 6 ஆகின்றது. ஆ கொடியை ஏற்கும்போது, தன் வரிசையையும் கொடியின் வரிசையையும் உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டுப் பெரியனவற்றைக் கொள்கின்றது: (5, 3). இப்போது ஆ விலையைப் படிக்கின்றது. எழுதப்பட்டது அ-வின் 5 ஆம் வேளை. ஆ அறிந்திருப்பதும் அ-வின் 5 வரை. குற்றமில்லை.

கொடியைத் தளர்வாகப் படித்திருந்தால்? படித்த மதிப்பு அதே 1 தான். விலையும் அநேகமாக 75 ஆகவே கிடைத்திருக்கும். இன்ரெல் வகை முறைவழியாக்கிகள் படித்தலைப் படித்தலோடும் எழுதலை எழுதலோடும் இடம்மாற்றிக் காட்டாமையின், சோதனையில் என்றும் பிழை தோன்றாதிருக்கவும் கூடும். ஆயின் ஆ-வின் மணிக்கூடு (0, 3) ஆகவே நிற்கின்றது. 0 ஐந்திலும் சிறிது. கருவி போட்டி என்று கூவுகின்றது. விளைவு நன்றாய் அமைந்ததா என்று அது கேட்பதில்லை. நன்றாய் அமையும் என்று நம்ப உனக்கு உரிமையுண்டா என்றே கேட்கின்றது. இக்கருவியின் சிறப்பெல்லாம் இதில்தான் உளது என்பது என் கருத்து.

கூகிள் நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட திரெட்சனிரைசர் இன்று இத்துறையிற் பெரிதும் வழங்குவது. அது பின்னர்க் கிளாங், ஜி.சீ.சீ. ஆகிய தொகுப்பான்களின் அகத்தே இடம்பெற்றது. கோ மொழியின் போட்டி காணும் கருவியும் அதன்மேற் கட்டப்பட்டதே. ஒவ்வொரு நினைவிடத்துக்கும் முழு மணிக்கூட்டை எழுதுதல் பெருஞ்செலவாதலின், பெரும்பாலும் 'இன்ன இழை, இன்ன வேளை' என்னும் ஒற்றைக் குறிப்பே போதும் என்று கோர்மக் பிளனகனும் ஸ்டீபன் பிறண்டும் அதே 2009இற் காட்டினர். எட்டு பைற்றுக்கு நான்கு அணுகல்கள் வரையே திரெட்சனிரைசர் நினைவில் வைக்கின்றது. இவ்வளவு சிக்கனத்தின் பின்னும் செய்நிரல் 5 முதல் 15 மடங்கு மெதுவாகின்றது. நினைவகம் 5 முதல் 10 மடங்கு செலவாகின்றது.

கணக்கெழுதுவது எளிதென்று மேலே தோன்றியிருக்கும். நுட்பம் இனித்தான் உளது. விடுப்பின்போது பழைய படியை அழித்துப் புதியதை வைப்பதா, பழையதோடு புதியதைச் சேர்ப்பதா? விடை அணுச்செயலின் வகையைப் பொறுத்தது. வேலையாட்கள் இருவர் வேலை முடிந்ததும் ஓர் எண்ணியிலிருந்து ஒவ்வொன்றைக் கழிக்க, மூன்றாமவர் அது பூச்சியமானதும் இருவர் வேலையையும் பார்வையிடுகிறார் என்க. கழித்தல் என்பது படித்து மாற்றி எழுதும் ஒற்றை அணுச்செயல். முதலாமவர் வைத்த படியை இரண்டாமவர் கழிக்கும்போது அழித்துவிட்டால், மூன்றாமவர் முதலாமவர் வேலையைப் பார்த்ததும் கருவி பொய்யாகக் கூவும். நியமப்படி அவர் குற்றமற்றவர். ஏனெனில் படித்து மாற்றும் செயல்கள் முன்னைய விடுப்பின் தொடரை அறுப்பதில்லை. ஆகவே இங்கே சேர்த்தல் வேண்டும். ஆனால் இரண்டாமவர் எண்ணியைப் படியாமல் வெறுமனே ஒரு புது மதிப்பை எழுதினால் பழைய தொடர் அறுந்துபோம். ஆங்கே அழித்தல் வேண்டும். அங்குஞ் சேர்த்தால், தனக்கு வராத செய்தியை வந்ததாக மூன்றாமவர் கணக்கிற் பதிந்து, உண்மைப் போட்டி மறையும். ஒரு பக்கத்துப் பிழை பொய்க் குற்றச்சாட்டு. மறுபக்கத்துப் பிழை குற்றத்தை மூடுதல்.

மதிப்பும் அதன் மணிக்கூடும் ஒருசேர மாறவேண்டும் என்பதும் கவனிக்கத்தக்கது. மதிப்பை எழுதிவிட்டு மணிக்கூட்டைப் பிறகு எழுதினால், இடையிற் புகுந்த இழை புதிய மதிப்பைப் பழைய மணிக்கூட்டோடு காணும். ஆதலின் கருவி தனக்கென ஒரு பூட்டை வைத்து அதனுள் இரண்டையும் செய்கின்றது. ஏற்பிலோ, முதலிற் பூட்டில்லாமலே மதிப்பைப் படித்துப் பார்க்கும். அவ்விடத்தில் எவரும் மணிக்கூடு வைக்கவில்லையாயின் அத்தோடு விடும். வைத்திருந்தால் பூட்டினுட் புகுந்து மறுபடியும் படிக்கும். போட்டியைத் தேடப் புறப்பட்ட கருவி, தானே ஒரு போட்டியிற் சிக்காதிருக்கப் படும் பாடு இது!

தளர்வாக எழுதுதலும் தொடரை அறுப்பதே. அவ்வேளையிற் படியை அழித்தல் முறை. ஆயின் திரெட்சனிரைசர் அதனைச் செய்வதில்லை. தளர்ந்த செயல்கள் விரைவுக்காகவே எழுதப்படுவன. ஒவ்வொன்றுக்கும் பூட்டைத் தொட்டால் வேகம் கெடும். கண்டிப்பாகப் பார்த்தால் மணிக்கூட்டை அழிக்கவேண்டும் என்று அதனை ஆக்கியோரே மூலநிரலிற் குறிப்பெழுதிவைத்து, அறிந்தே விட்டிருக்கின்றனர். இதனாற் சில உண்மைப் போட்டிகள் தப்பும். பொய்யாகக் கூவுவதிலும் சிலவற்றைத் தவறவிடுவது நன்று என்னும் தீர்ப்பு அதிலுளது. கூவிக்கூவி அலுப்பூட்டும் கருவியை எவரும் நிறுத்திவிடுவர் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். யானும் அத்தீர்ப்பை ஏற்கின்றேன். ஏற்பதற்குக் காரணம் என் சொந்தப் பிழை ஒன்று.

வேலி என்று ஒன்றுண்டு. மாறி எதனையுஞ் சாராமல், இவ்விடத்தைக் கடந்து இடம்மாறற்க என்று கட்டளையிடும் செயல் அது. ஒரு பதிவேட்டை எத்தனை இழைகள் பிடித்திருக்கின்றன என்று எண்ணிவைக்கும் எண்ணியில் அது பயன்படும். ஒவ்வோர் இழையும் விலகும்போது எண்ணியை விடுப்பாகக் கழிக்கும். பூச்சியத்தைக் கண்ட கடைசி இழை மட்டும் ஏற்பு வேலியைக் கடந்து பதிவேட்டை அழிக்கும். இது நியமத்துக்கு முற்றும் இயைந்தது. ஆயின் திரெட்சனிரைசர் வேலியை அறியாது. மணிக்கூட்டில் அதனை எழுதுவதில்லை. ஆகவே அழிக்குமிடத்திற் பொய்யாகக் கூவும். ஜி.சீ.சீ. தொகுப்பான் தன் 11 ஆம் பதிப்பிலிருந்து, வேலி இக்கருவியோடு ஒவ்வாது என்று முன்னறிவித்தலும் செய்கின்றது.

பல ஆண்டுகளுக்குமுன் யான் வேலைபார்த்த ஓரிடத்திற் பணக்கொடுக்கல் வாங்கலைப் பதியும் செய்நிரலொன்று என் பொறுப்பில் இருந்தது. மேற்சொன்னவாறே வேலியோடு எண்ணியை எழுதியிருந்தேன். கருவி கூவிற்று. நியமத்தைப் பார்த்தேன், என் பக்கம் நியாயம் இருந்தது. அச்செயற்கூறின் பெயரைக் கருவியின் விலக்குப் பட்டியலில் எழுதி அதன் வாயை அடைத்தேன். சில மாதங்களின் பின் இயந்திரங்களை இன்ரெல் வகையிலிருந்து ஆம் வகைக்கு மாற்றினர். ஒருவருடைய பதிவில் மற்றொருவருடைய தொகை தோன்றலாயிற்று. மூன்று இரவு தேடினோம். அதே செயற்கூறில், பிழைநேரும்போது மட்டும் செல்லும் கிளைவழியொன்றில், கழித்தலை விடுப்பாக எழுதாமல் தளர்வாக எழுதியிருந்தேன். இன்ரெல் வகையிற் படித்து மாற்றும் அணுச்செயல் எதுவாயினும் முழுவேலியாகவே அமைவதால் அது வெளிப்படவில்லை. ஆம் வகையில், பதிவேட்டில் இட்ட கடைசி எழுத்து கழித்தலுக்குப் பிந்தி வெளியாகி, அதற்குள் அழிந்து வேறொருவர் பதிவாகிவிட்ட இடத்தில் வந்து விழுந்தது. கருவி அதனையும் கூவியே இருக்கும். பொய்க் கூச்சலை அடைத்த அதே வரியால் மெய்க் கூச்சலையும் அடைத்திருந்தேன். பணத்தை இழந்தோர்க்கு நிறுவனத்தார் ஈடுசெய்தனர். என் பிழையென்று யான் கூறியபோது மேலாளர் என்னை ஏசவுமில்லை. அது இன்னும் வருத்துகின்றது.

றஸ்ற் மொழியின் நூலகத்தார் இவ்விடத்து நல்வழியொன்றைக் கைக்கொண்டுள்ளனர். கருவியோடு ஓடும்போது மட்டும், வேலிக்குப் பதிலாக எண்ணியை ஏற்பாக ஒருமுறை படிக்கின்றனர். பொருளில் மாற்றமில்லை, கருவிக்கு விளங்கும் மொழியிற் சொல்லப்பட்டதே வேறுபாடு. யானும் விலக்குப் பட்டியலைக் கிழித்து அதனையே செய்தேன்.

வேலியைக் கருவிக்கு முறையாகக் கற்பிக்கவும் முடியும். ஒவ்வோர் இழைக்கும் மேலும் இரண்டு மணிக்கூடுகள் வேண்டும். ஒன்று, கடைசி விடுப்பு வேலியில் எடுத்த படி; பின்வரும் தளர்ந்த எழுதல்கள் அதனைத் தம்மோடு கொண்டு செல்லும். மற்றது, தளர்ந்த படித்தல்களாற் சேர்ந்து வைக்கப்பட்டிருப்பது. ஏற்பு வேலி வந்ததும் இழையின் சொந்த மணிக்கூட்டோடு கலக்கும். இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த கிறிஸ்தோபர் லிட்பரியும் அலஸ்ரையர் டொனல்ட்சனும் 2017இல் இதனைச் செய்து காட்டினர். அவர்கள் மேலும் ஒரு படி சென்று, அணுமாறியின் பழைய மதிப்புகளையும் சேமித்து, நியமம் இடங்கொடுக்குமளவில் அவற்றுள் ஒன்றைப் படிப்போனுக்கு வழங்கினர். சாதாரணக் கருவி, ஓடும் இயந்திரம் அன்று தரும் மதிப்பை மட்டுமே காணும். பழைய மதிப்பு வந்தாற் செய்நிரல் எவ்வழிச் செல்லும் என்பது அதற்குத் தெரியாது. இவற்றுக்கு விலை, தளர்ந்த செயல்தோறும் மணிக்கூட்டைத் தொடவேண்டியிருத்தல்.

மாணவர் தாமே செய்து பார்க்க ஒரு கணக்குத் தருகின்றேன். இழைகள் மூன்று: அ (4, 0, 0), ஆ (0, 7, 0), இ (0, 0, 2). அ, க என்னும் சாதாரண மாறியில் எழுதியபின் கொடியில் 1ஐ விடுப்பாக எழுதுகின்றது. ஆ, ங என்னும் சாதாரண மாறியில் எழுதியபின் கொடியிலுள்ள 1ஐப் படித்து ஒன்று கூட்டி 2 ஆக்கும் ஒற்றை அணுச்செயலைத் தளர்வாகச் செய்கின்றது. இ, கொடியை ஏற்பாகப் படித்து 2ஐக் கண்டு, க, ங இரண்டையும் படிக்கின்றது. போட்டி எதன்மேல் உளது? தளர்ந்த செயல் கொடியின் படியோடு எதனையுஞ் சேர்ப்பதில்லை. இருந்ததை அழிப்பதுமில்லை என்பதை மறவாதீர்கள். கொடி (4, 0, 0) ஆகவே இருக்க, இ-யின் மணிக்கூடு (4, 0, 2) என்றாகும். க அ-வின் 4 ஆம் வேளையில் எழுதப்பட்டது. ங ஆ-வின் 7 ஆம் வேளையில் எழுதப்பட்டது. எஞ்சிய ஒப்பீட்டை நீங்களே முடித்து, ஆ-வின் செயலை விடுப்பாக மாற்றினால் எண்கள் எவ்வாறாகும் என்பதையும் எழுதிப் பாருங்கள்.